படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பையன் தலையில் விழுந்த வட்டம் என்ன?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பாவாடை நாடா கட்டற எடத்துலயும் தொடையிடுக்குலயும் படர்தாமரை. ஒரு வருசமாச்சுங்க. மெடிக்கல்ல குடுத்த ட்யூபைப் போட்டா ரெண்டு நாள்ல அடங்கிருது, விட்டா மறுபடி வருது, அதுவும் முன்னைக்கு அகலமா. இப்ப வீட்டுக்காரருக்கும் தொத்திருச்சு. ஆறு வயசுப் பையன் லீவுக்குக் காங்கயத்துல அப்புச்சி தோட்டத்துக்குப் போயிட்டு வந்தான், தலையில வட்டமா முடி கொட்டியிருக்கு. புழுவெட்டுன்னு சின்ன வெங்காயம் தேய்க்கறோம். எங்களுக்கு ரத்தம் கெட்டுப்போச்சுங்களா? கத்தரிக்கா, கருவாடு எல்லாம் நிறுத்திப் பாத்தாச்சு."

இரத்தம் கெடவில்லைங்க, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலோட்டில், செத்துப்போன செல்களில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. தோல், முடி, நகம் மூன்றிலும் அந்தப் புரதம்தான். அதனால் இந்த மூன்று இடத்தில்தான் குடியேறும், இரத்தத்துக்குள் இறங்காது. கத்தரிக்காயும் கருவாடும் ஒரு பாவமும் செய்யவில்லை, சாப்பிடுங்கள். நிறுத்த வேண்டியது அந்த ட்யூபை.

அதை எடுத்து, பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இங்கே கடைகளில் படர்தாமரைக்கு என்று நீட்டப்படும் ட்யூப்களில் பல, மூன்று நான்கு மருந்தைக் கலந்தவை: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. இரண்டு நாளில் அடங்கியது என்றீர்களே, அடக்கியது அந்த ஸ்டீராய்டுதான். பூஞ்சை அப்படியே இருக்கிறது.

அரிப்பும் சிவப்பும் நம் உடம்பின் எதிர்ப்பு. பூஞ்சையைக் கண்டுகொண்ட நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே கூடிச் சண்டை போடுவதால் வருவது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. திருடன் வந்ததற்குக் குரைத்த நாயின் வாயை, தூக்கம் கெடுகிறது என்று கட்டிவைப்பது போலத்தான். நமைச்சல் நின்ற நிம்மதியில் நாம் இருக்க, எதிர்ப்பே இல்லாத தோலில் பூஞ்சை ஓரமாகப் பரவிக்கொண்டே போகும். ட்யூப் தீர்ந்ததும் உடம்பு மறுபடி விழித்துக்கொள்கிறது. இந்த முறை இடம் பெரிது, ஆகவே அரிப்பும் பெரிது.

படர்தாமரைக்கு வட்ட வடிவம் வருவதற்கும் இந்த எதிர்ப்புதான் காரணம். நடுவில் தின்று முடித்து, அங்கே எதிர்ப்பும் வலுத்ததும், பூஞ்சை வெளிப்பக்கம் நகர்கிறது. நடுப்பகுதி தெளிந்து, விளிம்பு மட்டும் சிவந்து செதில் உதிரும். ஸ்டீராய்டு தடவிய தோலில் இந்த அடையாளமே குலைந்துபோகும். விளிம்பு மங்கும், இல்லாவிட்டால் வட்டத்துக்குள் வட்டம் வரும், சில சமயம் கரப்பான் மாதிரித் தெரியும். பார்க்கிற டாக்டரே தடுமாறுவார். மருத்துவத்தில் இதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று 1968-லேயே பேர் வைத்துவிட்டார்கள். மாறுவேடப் படர்தாமரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடையிடுக்கில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். பிரசவமான பெண்களின் வயிற்றில் இருக்குமே, அந்த மாதிரி வரி. பூஞ்சையை ஒழிக்கலாம், இந்த வரி மறையாது. இருபது வயதுப் பையன்கள் இரண்டு தொடையிலும் இந்தத் தழும்போடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. வீரியமான ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. இருந்தும் கடையில் போய் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் எது கையில் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ட்யூபை நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு கூடும், தோல் சிவந்து எரியும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "டாக்டர் மருந்து ஒத்துக்கலை" என்று பழைய ட்யூபுக்கே திரும்பிவிடுகிறார்கள். அரிப்புக்குத் தனியாக மாத்திரை தருவார்கள், அதில் சமாளிக்கலாம். செட்ரிசின் வகை மாத்திரை சிலருக்குத் தூக்கம் வரவைக்கும். இரவில் போடுங்கள்; போட்டுக்கொண்டு ஓவர்லாக் மெசினில் உட்கார வேண்டாம். வீட்டுக்காரர் லாரியோ வேனோ ஓட்டுகிறவர் என்றால் அவருக்கும் இதே எச்சரிக்கை.

குற்றம் முழுவதும் ஸ்டீராய்டு மேல் மட்டும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்பு படர்தாமரை என்றால் தோல் மருத்துவருக்கு அலுப்பான வியாதி. ஒரு பூச்சு, இரண்டு வாரம், முடிந்தது. இப்போது இந்தியா முழுக்கப் பரவியிருப்பது வேறொரு பூஞ்சை. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர். ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த பூஞ்சையைப் பிரித்தறிந்து 2020-ல் அந்தப் பெயரை வைத்தார்கள். 2023-ல் நியூயார்க்கிலும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். டெர்பினாஃபின் என்ற மாத்திரைதான் வெகுகாலம் எங்கள் முதல் ஆயுதம். பூஞ்சை தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்டிக்கொள்ளத் தேவையான ஒரு நொதியை அது முடக்கும். இந்தப் புதுப் பூஞ்சை பலரிடம் அந்த நொதியையே மாற்றிக்கொண்டுவிட்டதால் மருந்து பிடிப்பதில்லை. "250 மில்லி மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டும் கேக்கலைங்க" என்று ஒருவர் சொன்னால் இப்போது நான் சந்தேகப்படுவதில்லை.

இனி வைத்தியம். முதலில் இது படர்தாமரைதானா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். செலவு சொற்பம், அன்றைக்கே முடிவு வரும். ஒரு வருசம் ஸ்டீராய்டு தடவியவருக்கு இது கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. கூடவே சர்க்கரை பாருங்கள். உங்கள் வயது எனக்குத் தெரியாது, ஆனால் ஆறாத படர்தாமரையோடு வந்து அதில்தான் சர்க்கரை நோயே தெரியவந்தவர்கள் கொங்குப் பக்கம் நிறைய.

ஸ்டீராய்டு கலக்காத தனிப் பூச்சு: லூலிகோனசோல், கீட்டோகோனசோல், செர்ட்டகோனசோல், சிக்ளோபிராக்ஸ் என்று பல இருக்கின்றன. எது என்பதை விட எப்படி என்பது முக்கியம். வட்டத்தின் மேல் மட்டும் பூசினால் போதாது, விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. நல்ல தோலிலும் பூச வேண்டும், பூஞ்சை ஏற்கெனவே அங்கே போயிருக்கும். கண்ணுக்கு முழுக்க மறைந்த பிறகும் குறைந்தது 2 வாரம் தொடர வேண்டும். உங்களைப் போல நாள்பட்டதற்குப் பூச்சு மட்டும் பத்தாது, மாத்திரையும் வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல்தான் ஆகும், இரண்டு மூன்று மாதம்கூடப் போகலாம்.

இப்போது பெரும்பாலும் எழுதப்படுவது இட்ராகோனசோல். அந்தக் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரைந்து உடம்பில் ஏறும். நம்மூரில் எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' சேர்ந்துகொள்ளும். பாண்டோபிரசோல் மாதிரியான அது அமிலத்தைக் குறைத்துவிடும், அப்புறம் விலை கொடுத்து வாங்கிய கேப்ஸ்யூல் பாதி வீண். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடும் சேராது. ஈரல் பரிசோதனையும் தேவைப்படலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுகிற வேலை வேண்டாம்.

மருந்து பாதிதான், மீதிப் பாதி உங்கள் வீட்டுத் துணிக்கொடியில் இருக்கிறது. நீங்கள் குணமாகி, உங்கள் வீட்டுக்காரர் குணமாகாமல் இருந்தால் அடுத்த மாதமே உங்களுக்குத் திரும்பும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள், ஒரே சமயத்தில் முடியுங்கள். துண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு தனித்தனி. பூஞ்சையின் வித்துகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளாடை, துண்டு, பாவாடையைப் பிரித்து 60 டிகிரிக்குக் குறையாத சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுங்கள், காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். கம்பெனி விடுதிகளில் ஒரு அறைக்குள் எட்டுப் பேர், ஒரே கொடியில் எட்டுப் பேரின் ஈரத்துணி என்று இருக்கிறது. அங்கே ஒருவருக்கு வந்தால் அறை முழுக்க வந்த மாதிரிதான்.

உங்களுக்கு ஏன் நாடா கட்டுகிற இடத்தில் தொடங்கியது என்று யோசித்திருப்பீர்கள். இறுக்கிக் கட்டிய நாடா, பத்து மணி நேர ஷிப்ட், வியர்வை, உரசல். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? நாடாவைத் தினமும் மாற்றிக் கட்டுங்கள், இடத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள், அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆண்களுக்கு இதே வேலையை அரணாக்கயிறு செய்கிறது. குளித்து மணிக்கணக்கில் ஈரம் காயாமல் இடுப்பைச் சுற்றி இருக்கும். அறுக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுருங்கும். வைத்தியம் முடியும்வரை கழற்றி வையுங்கள், அப்புறம் புதுசு கட்டிக்கொள்ளலாம், இல்லை வெள்ளியில் கட்டிக்கொள்ளலாம் என்று நான் சொல்வதுண்டு. ஒத்துக்கொள்கிறார்கள். மாரியம்மன் நோன்புக்குக் கையில் கட்டிய காப்புக் கயிறும் அப்படித்தான். இறுக்கமான ஜீன்ஸ், பாலியெஸ்டர் லெக்கின்ஸ் வேண்டாம். உலகத்துக்கே பருத்தி பனியன் தைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு நாம் நைலானைப் போட்டு வேர்த்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள், புண்ணான தோல் வெந்து போகும். பூண்டு அரைத்துக் கட்டுவதும் வேண்டாம். இடுக்கில் பூண்டு கட்டிக் கொப்புளம் வந்தவர்கள் படர்தாமரையை விட அந்தக் கொப்புளத்துக்குத்தான் அதிகம் அழுகிறார்கள். சீமை அகத்தி இலையைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அதில் பூஞ்சையை எதிர்க்கும் சத்து இருப்பது உண்மைதான், வண்டுகொல்லி என்று அதைச் சும்மா சொல்லவில்லை. சிறு வட்டம் ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

பையனைப் பற்றி. இதுதான் அவசரம், உங்கள் இருவருடையதைவிட முதலில் இதைப் பாருங்கள்.

புழுவெட்டு என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வியாதி அடங்கும். ஒன்றில் முடி உதிர்ந்த இடம் வழுவழுவென்று, செதிலோ அரிப்போ இல்லாமல் பளபளக்கும். அது பூஞ்சை இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவது. தொற்றாது. இன்னொன்றில் அந்த இடம் சாம்பல் பூத்தாற்போல் செதில் தட்டும், முடி வேரோடு விழாமல் பாதியில் முறிந்து முள்முள்ளாகவோ கரும்புள்ளியாகவோ நிற்கும், அரிக்கும். இது பூஞ்சை. பெரும்பாலும் பருவமடையாத குழந்தைகளுக்குத்தான் வரும். பருவத்தில் தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசையின் கொழுப்பு அமிலங்கள் இந்தப் பூஞ்சைக்கு ஆகாது. வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். முடி முறிந்து நின்றால் வெங்காயத்தை நிறுத்திவிட்டு நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். காயத்தில் வெங்காயம் தேய்த்தால் எரிச்சலும் சீழும்தான் மிச்சம்.

தலைப் பூஞ்சைக்குப் பூச்சு எதுவும் வேலை செய்யாது. பூஞ்சை முடித் தண்டுக்குள்ளும் வேரைச் சுற்றியும் இருக்கிறது, மேலே தடவுவது அங்கே எட்டாது. வாய்வழி மருந்து கட்டாயம். கிரிசியோஃபல்வின் என்ற பழைய மருந்து இன்னும் இதற்கு நன்றாகக் கேட்கிறது. 1939-ல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்தே பிரித்தெடுத்தது, 1958-லிருந்து வாய்வழியாகக் கொடுக்கப்படுவது. எடைக்குத் தக்க அளவு, ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் இன்னும் கூட. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும், அதனால் பாலோ முட்டையோ கொடுத்த கையோடு கொடுங்கள். கீட்டோகோனசோல் ஷாம்பூ வாரம் இரண்டு முறை போட்டால் மற்றவர்களுக்குப் பரவுவது குறையும், அதுவே குணமாக்காது. சீப்பு, தொப்பி, தலையணை தனி. வீட்டில் மற்றக் குழந்தைகள் தலையையும் பார்த்துவிடுங்கள்.

பழனிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டால் சரியாகும் என்பார்கள். வேண்டுதலை நான் தடுக்கவில்லை. மொட்டையால் பூஞ்சை போகாது, அது வேரில் இருக்கிறது. மருந்து முடித்துவிட்டுப் போங்கள், புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.

காங்கயத்துத் தோட்டம் என்றதும் நான் கேட்க நினைத்தது: கட்டுத்தரையில் கன்றுக்குட்டி இருந்ததா, அதன் கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு இருந்ததா? இருந்திருந்தால் பையனுக்கு வந்தது மாட்டுப் பூஞ்சையாக இருக்கலாம். பூனை, நாய்க்குட்டியிலிருந்தும் வேறு வகை வரும். விலங்கிலிருந்து வந்தது மனித உடம்புக்குப் புதிது என்பதால் எதிர்ப்பு மூர்க்கமாக இருக்கும். அந்த இடம் சீழ் கோத்து, பஞ்சு மாதிரி மெத்தென்று வீங்கி, கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம். பார்ப்பவர்கள் கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவார்கள். கீறக் கூடாது. அது கெரியான், பூஞ்சை மாத்திரையில் அடங்குவது. வைத்தியம் தாமதமானால் வேர் செத்து, அந்த வட்டத்தில் வாழ்நாளுக்கும் முடி முளைக்காமல் போகலாம். அவசரம் என்று சொன்னது இதனால்தான். அப்புச்சியிடம் சொல்லிக் கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தானாகவே சில மாதத்தில் உதிர்ந்து ஆறிவிடும் என்றாலும், கட்டுத்தரை மரத்திலும் முளைக்குச்சியிலும் வித்து நெடுநாள் கிடக்கும். கன்றைத் தொட்டுப் புழங்கும் அப்புச்சிக்கும் தொற்றியிருக்கலாம், அவர் தன் முன்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

மருந்து தொடங்கிவிட்டால் பையனைப் பள்ளிக்கு அனுப்பலாம். மொட்டையடித்துத் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை. டீச்சரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.

பதிலைப் படித்துவிட்டுப் பக்கத்து மெசின் அம்மணிகள் தேமலைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் இரண்டு வரி. மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டாக வரும் தேமலும் பூஞ்சைதான், ஆனால் எல்லார் தோலிலும் எப்போதும் குடியிருக்கும் மலாசீசியா என்ற ஈஸ்ட். தொற்றாது. வியர்வைக் காலத்தில் பெருகும், எண்ணெயில் தழைக்கும். கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு ஷாம்பூவில் போய்விடும். தோல் நிறம் திரும்ப மட்டும் மாதங்கள் ஆகும், அதை மருந்து கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தைகள் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் பூஞ்சையே இல்லை, தோல் வறட்சி. சாயப்பட்டறையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவர்களுக்கும், கோபி பக்கம் நாற்று நடுகிறவர்களுக்கும் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்ந்த துண்டு. விரல் விரலாக ஒற்றி எடுக்க வேண்டும்.

எங்கே போவது என்றால், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. ஈரோட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெருந்துறை, மற்றவர்களுக்குக் கோவை, கரூர், நாமக்கல். மூன்று பேரும் ஒரே நாளில் போங்கள், இதுவரை போட்ட மருந்தெல்லாம் பையில் இருக்கட்டும். கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளியிருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது இந்த மாத்திரைகள் கூடாது, க்ளோட்ரைமசோல் மாதிரி பூச்சு மட்டும்தான். கிரிசியோஃபல்வின் சாப்பிடுகிற ஆண்கள், நிறுத்தி ஆறு மாதம்வரை குழந்தைக்குத் திட்டமிடக் கூடாது, உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த மருந்து எழுதினால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.